வெள்ளி மாலை மொக்கிக்கு: பின்லாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு

பின்லாந்தில் மொக்கி என்றால் ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ இருக்கும் சிறிய மரவீடு. சுமார் 56 லட்சம் பேர் வாழும் நாட்டில் இப்படி ஐந்து லட்சம் வீடுகளாவது இருக்கும். கோடையில் வெள்ளிக்கிழமை மதியத்தோடு உங்கள் அலுவலகம் காலியாவது இதனால்தான். நம் பக்கத்தில் வளர்ந்தவர்கள் தாத்தா பாட்டியின் கிராமத்து வீட்டை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். தண்ணீர் நாமே இறைக்க வேண்டும், அடுப்பு நாமே மூட்ட வேண்டும், கழிவறை கொல்லையில். ஆனால் அங்கே இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். இங்கே எல்லா வேலையும் உங்கள் தலையில்தான்.

தொடர்ந்து போகும் குடும்பங்களைச் சோர்வடையச் செய்வது கார்ப் பயணம் அல்ல. வெள்ளிக்கிழமை வீட்டையே மூட்டை கட்டுவதும், ஞாயிறு இரவு அதையே பிரிப்பதும்தான். நான்கு வாரம் இப்படிச் செய்தால் ஐந்தாவது வாரம் யாரும் கிளம்ப மாட்டார்கள். அதனால் மொக்கியில் இருக்க வேண்டியது அங்கேயே இருக்கட்டும், போகவர எடுத்துச் செல்வது ஒரு பெட்டிக்குள் அடங்கட்டும். ஞாயிறு மதியம் வீட்டை எப்படி மூடுகிறீர்கள் என்பதுதான் அடுத்த வெள்ளி மாலையைத் தீர்மானிக்கிறது.

வாடகையும் வாங்குவதும்

ஜூலையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் வாடகைக்குக் கொடுப்பார்கள். வார இறுதிக்கு மட்டும் வேண்டுமென்றால் மே, ஆகஸ்ட் பிற்பகுதி, செப்டம்பர் மாதங்களில் எளிதாகக் கிடைக்கும். அடிக்கடி போக நினைப்பவர்கள் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரே மொக்கியை முழுப் பருவத்துக்கும் எடுத்து, வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. பாத்திரம், போர்வை, மளிகை எல்லாம் அங்கேயே கிடக்கும். உரிமையாளரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: விறகு சேர்த்தியா, படகு சேர்த்தியா, கழிவறை வாளியை யார் காலி செய்வது, குளிருக்கு முன் குழாய்த் தண்ணீரை யார் வடிப்பது. படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் வெளியே உள்ள நாட்டின் குடிமக்கள் நிலம் வாங்க, 2020 முதல் பின்லாந்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைக் கணக்கில் வையுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை.

ஊரில் பெட்டி கட்டும்போதே

பெரியவர்கள் ஜூன் மாதம் பார்க்க வருவதாக இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால்கோவா, நெய், இறைச்சி ஊறுகாய் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. பண்ருட்டிப் பலாவுக்கும் மாம்பழத்துக்கும் பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அது வேண்டாம். கடலூர் முதுநகர்க் கருவாடு வரலாம், மீன் பொருட்களுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மொக்கியில் மரச்சுவர் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மொக்கிக்கென்றே கேட்டு வாங்க வேண்டியவை: மெல்லிய பருத்தித் துண்டு ஆளுக்கு மூன்று, வடகம், புளி, ஒரு சிறிய இடிகல். பல மொக்கிகளில் மின் இணைப்பு கிடையாது. கூரையில் 100 வாட் சூரியத் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் இருந்தால் விளக்கும் கைபேசியும் ஓடும். 750 வாட் மிக்ஸி ஓடாது. சட்னிக்கு இடிகல்தான்.

ஊர் ரெகுலேட்டரை எடுத்து வர வேண்டாம், இங்குள்ள சிலிண்டருக்கு வேறு வகை. ஊர் சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும், பியூட்டேன் சுழியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். அதனால்தான் இங்கே புரொப்பேன். குக்கரை எரிவாயு அடுப்பில் மட்டும் வையுங்கள். விறகடுப்பில் தீயைச் சட்டென்று குறைக்க வழியில்லை.

தண்ணீர்

நான்கு பேருக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை குடிக்கவும் சமைக்கவும் 30 லிட்டர் போதும். 10 லிட்டர் கேன் மூன்று. நகர வீட்டுக் குழாயிலேயே பிடித்துக்கொள்ளலாம். பாத்திரம் கழுவ, குளிக்க ஏரித் தண்ணீர். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஏரியில் நீலப்பச்சைப் பாசி வரும். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். பச்சைத் துகள்கள் மேலே வந்து மிதந்தால் அது பாசி. குச்சியால் தூக்கிப் பார்த்தால் நூலாக வராமல் கரைந்து போகும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. குளிக்கவும் வேண்டாம், சாவ்னா என்னும் வெந்நீராவிக் குளியல் அறையின் சூடான கல்லில் ஊற்றவும் வேண்டாம்.

எண்ணெய்க் குளியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை, சாவ்னா, நல்லெண்ணெய் என்று கை தானாகவே போகும். குளியலறைத் தண்ணீர் மண்ணுக்குள் வடியும் ஒரு குழிக்குத்தான் போகிறது. எண்ணெயும் சீயக்காய்த் தூளும் சேர்ந்தால் இரண்டே மாதத்தில் அந்தக் குழி அடைத்துக்கொள்ளும். தேய்த்த எண்ணெயைக் காகிதத்தால் நன்றாகத் துடைத்தெடுத்துவிட்டு, தூளைத் தவிர்த்துக் குளியுங்கள். சோப்புடன் ஏரியில் இறங்குவது அறவே கூடாது.

ஹூஸ்ஸி என்னும் உலர் கழிவறை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், யாரும் வாய்விட்டுக் கேட்பதும் இல்லை. ஹூஸ்ஸி தண்ணீரில்லாக் கழிவறை. ஒவ்வொரு முறையும் பீட் என்னும் சதுப்புநில மக்குத்தூளும் மரத்தூளும் கலந்த உலர்தூளை ஒரு கரண்டி மேலே போட வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும், காற்று உள்ளே போக வழி விடும், நாற்றம் எழாது. நம் வழக்கப்படி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் வாளி சேறாகும், காற்று போகாது, இரண்டாம் நாளே நாற்றமும் ஈயும் வரும். அதனால் முதலில் காகிதம், பிறகு கால் லிட்டருக்கு மேல் போகாத சிறு பாட்டில் தண்ணீர், அதன்மேல் இரண்டு கரண்டி தூள். முழுதாகக் கழுவ வேண்டும் என்பவர்கள் சாவ்னாவின் குளியலறைக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம். நகர அடுக்ககங்களில் கைக்குழாய் இருப்பதால் இந்தப் பழக்கம் வர நாள் ஆகும். பெரியவர்களுக்கு இதை வருவதற்கு முன்பே தொலைபேசியில் பொறுமையாக விளக்குங்கள், வந்த பிறகு சொன்னால் சங்கடப்படுவார்கள்.

தீயும் சாவ்னாவும்

இங்கே விறகு என்றால் பிர்ச் மரம். நம் கடற்கரைச் சவுக்கு போல நின்று எரியும். அதன் பட்டை ஈரத்திலும் பற்றிக்கொள்ளும், அதையே பற்றவைக்கப் பயன்படுத்துங்கள். சாவ்னா சூடாக ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். மேல்பலகையில் 70 முதல் 90 டிகிரி. பின்லாந்துக்காரர்கள் உடையின்றிக் குளிப்பார்கள், குடும்பம் குடும்பமாகவோ ஆண் பெண் தனித்தனியாகவோ போவார்கள். துண்டு கட்டிக்கொண்டு போனால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். உட்காரும் இடத்தில் ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்தானது ஒன்று உண்டு. புகைபோக்கியில் பெல்தி என்று ஒரு மூடுதகடு இருக்கும். சூடு போகாமலிருக்க அதைச் சீக்கிரம் மூடத் தோன்றும். தணலில் ஒரு கங்கு சிவந்திருந்தாலும், ஒரு நீலச்சுடர் ஆடினாலும் மூடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும் 60 சதுர மீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவி ஒன்றையும் வாங்கி மாட்டிவிடுங்கள். காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் நாட்களில் வெளியே திறந்த தீ மூட்டக் கூடாது.

இட்லி மாவுக்கும் சாவ்னா உதவும். இங்கே கோடையிலும் வீட்டுக்குள் 18 டிகிரி என்றால் மாவு ஒரு நாளானாலும் பொங்காது. வியாழன் இரவு அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, பாதி நிறைந்த தூக்கில் எடுத்துப் போங்கள். நிறைய ஊற்றினால் காரிலேயே வழியும். சனி இரவு எல்லோரும் குளித்து முடித்து, தீ முழுதும் அணைந்து, சுவரில் உள்ள வெப்பமானி 40க்குக் கீழே இறங்கியதும் தூக்கைக் கீழ்ப்பலகையில் வையுங்கள். அதற்கு முன் வைத்தால் மாவு ஓரத்தில் வெந்துபோகும். ஞாயிறு காலை இட்லி தயார்.

ஏரி, உண்ணி, சாலை

தேவனாம்பட்டினம் அலையில் நீந்திப் பழகியவர்கள் அமைதியான ஏரியை எளிதாக நினைப்பார்கள். உப்பில்லாத நீரில் உடல் அவ்வளவு மிதக்காது. பனி உருகிய மே மாதத் தண்ணீரில் குதித்தால் மூச்சு தானாகவே இழுத்துக்கொள்ளும், அந்த ஒரு நொடியில் தண்ணீர் உள்ளே போய்விடும். படகிலும் படகுத் துறையிலும் பிள்ளைகள் மிதவைச் சட்டையோடு இருக்கட்டும். சட்டையை வயதை வைத்து அல்ல, எடையை வைத்து வாங்குங்கள்.

புல்லில் இருக்கும் உண்ணி இரண்டு நோய்களைத் தரும். மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, ஒன்று முதல் மூன்று மாதத்தில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. குளிர்காலத்திலேயே தொடங்கினால் கோடைக்குத் தயார். லைம் நோய்க்கு ஊசி இல்லை. தினமும் இரவு முழங்கால் மடிப்பு, அக்குள், காதுப் பின்புறம் பாருங்கள். கடித்திருந்தால் தோலை ஒட்டிக் கவ்வி நேராக இழுங்கள், எண்ணெய் தடவாதீர்கள். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் லைம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. வாரங்கள் கழித்துச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போங்கள். இங்குள்ள ஒரே நச்சுப்பாம்பு ஒரு விரியன் வகை. பெர்ரி பறிக்கப் போகும்போது ரப்பர் பூட்ஸ் போதும்.

வெள்ளி மாலை மூன்று முதல் ஆறு மணிவரை ஹெல்சிங்கியை விட்டு வெளியேறும் சாலைகள் நெரியும். ஜூன் பிற்பகுதியில் வரும் யுஹன்னுஸ் என்னும் நடுக்கோடை விழா வாரத்தில் இன்னும் மோசம். அந்தி நேரத்தில் மூஸ் என்னும் பெரிய மான் குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் குட்டி வரும் என்று எண்ணி வேகத்தைக் குறையுங்கள். மொக்கியின் முழு முகவரியைக் கதவருகே எழுதி ஒட்டுங்கள். 112 செயலி கைபேசியில் இருந்தால் அழைக்கும்போதே இடம் அவர்களுக்குப் போய்விடும்.

ஞாயிறு மதியம்

கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்குங்கள். ஞாயிறு காலை விறகடுப்பு மூட்டாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஆறிய சாம்பலையும் மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும், அதை மரத்தரையில் வைக்கக் கூடாது. அரிசி, பருப்பு தகரத்திலோ கண்ணாடியிலோ. பிளாஸ்டிக்கை எலி ஒரே வாரத்தில் குடைந்துவிடும். குளிர்பெட்டியைக் காலி செய்து, அணைத்து, கதவைச் சிறிது திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை. சாவ்னாவின் காற்றுத்துளைகள் திறந்திருக்கட்டும், பலகை காயாவிட்டால் கருத்துப்போகும். படகைக் கரையில் கவிழ்த்துக் கட்டி, துடுப்பை உள்ளே வையுங்கள். சிலிண்டர் வால்வு, மோட்டார், குப்பை கடைசியில். குப்பை உங்களோடு காரில் வரும்.

செப்டம்பர் இறுதியில் கடைசி முறை மூடும்போது மோட்டாரைக் கழற்றி, குழாய்களைத் திறந்துவிட்டு, தேங்கிய தண்ணீர் முழுவதையும் வடியுங்கள். வளைவில் ஒரு கை அளவு தண்ணீர் நின்றாலும் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். ஊறுகாய்க் கண்ணாடிப் பாட்டில்களும் அப்படித்தான் வெடிக்கும், நகரத்துக்கு எடுத்துவந்துவிடுங்கள்.

கதவைப் பூட்டுவதற்கு முன் பெட்டிக்குள் ஒரு தாள் போடுங்கள்: எது தீர்ந்தது, எது உடைந்தது, எத்தனை கேன், எவ்வளவு விறகு. வியாழன் இரவு அந்தத் தாளை மட்டும் பார்த்துக் கடைக்குப் போனால் போதும்.