பக்கத்து ஆலையின் பீரா, தொலைதூரத்து பீரா? புதியவர்களுக்கான தேர்வு முறை

அருகில் உள்ள சிறிய ஆலையின் பீரை வாங்குவதா, எங்கோ தொலைவில் தயாராகிப் பெயர் பெற்ற பீரை வாங்குவதா என்ற கேள்விக்குப் பலரும் பற்றின் அடிப்படையிலேயே விடை சொல்கிறார்கள். நம் ஊர்ச் சரக்கு என்ற உரிமை ஒரு பக்கம் இழுக்கிறது. வெளியிலிருந்து வந்தது என்ற மதிப்பு இன்னொரு பக்கம் இழுக்கிறது. கோப்பையில் ஊற்றிய பீர் எப்படி இருக்கும் என்பதை இவை இரண்டுமே தெரிவிப்பதில்லை. ஆலைக்கும் உங்களுக்கும் இடையில் அந்த பீர் எத்தனை நாட்களைக் கழித்தது, எவ்வளவு வெப்பத்தைத் தாங்கியது, எவ்வளவு வெளிச்சத்தில் நின்றது என்ற மூன்றும்தான் சுவையைத் தீர்மானிக்கின்றன. தூரம் அதிகமானால் இவை மூன்றும் கூடுவதற்கு வாய்ப்பு உண்டு என்றாலும், கூடியே தீரும் என்ற கட்டாயம் இல்லை. கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றினால், எந்த பீரை அருகிலிருந்து வாங்க வேண்டும், எதற்குத் தொலைவு ஒரு குறையே ஆகாது என்பதை நீங்களே பிரித்தறியலாம்.

படி 1: ஆலைக்கு முன் வகையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா பீரும் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை. ஆகவே எந்த ஆலை என்று கேட்பதற்கு முன், எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணத்தையே உயிராகக் கொண்ட ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்), பேல் ஏல் (வெளிர் நிற ஏல்; ஏல் என்பது மிதமான வெப்பத்தில் நொதிக்கவிடும் பீர்) போன்ற வகைகள் மிக விரைவில் தளர்ந்துவிடும். அந்த மணத்தைத் தருகின்ற மிர்சீன், லினலூல் முதலிய எண்ணெய்ப் பொருட்கள் ஆக்சிஜன் பட்டுச் சிதைவதோடு, மூடியின் உட்பூச்சிலும் ஓரளவு உறிஞ்சப்படுகின்றன. நொதித்தல் முடிந்த பிறகு, கொதிக்க வைக்காமலே ஹாப்ஸை ஊறவைத்துத் தயாரிக்கும் கலங்கலான ஐ.பி.ஏ. வகைகளைச் சில வாரங்களுக்குள் குடித்துவிடுவதே நல்லது. இவற்றுக்கு அருகில் உள்ள ஆலையே முதல் தேர்வு என்பது என் உறுதியான கருத்து. பில்ஸ்னர் எனும் மென்மையான பொன்னிற லேகரும் (லேகர் என்பது குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் பீர்) கோதுமை பீரும் ஏறத்தாழ இதே நிலையில்தான் உள்ளன. மறைத்துக்கொள்ள அவற்றில் வலுவான சுவை எதுவும் இல்லாததால், சிறிய பழுதும் உடனே நாவில் தெரிந்துவிடும். பீப்பாயிலேயே இரண்டாவது முறை நொதிக்கவிட்டு, வடிகட்டாமல் பரிமாறும் பிரிட்டன் பாணி ஏல், திறந்த சில நாட்களிலேயே தன் நயத்தை இழந்துவிடும் என்பதால் நெடுந்தூரப் பயணத்துக்கு அது பொருந்துவதே இல்லை.

இவற்றுக்கு நேர் எதிரான கூட்டம் ஒன்று உண்டு. ஆல்கஹால் அளவு 8 சதவீதத்துக்கு மேல் உள்ள இம்பீரியல் ஸ்டவுட் (கரும் பீர்), பார்லி ஒயின் (பெயரில் ஒயின் இருந்தாலும் பீரே), பால்டிக் போர்ட்டர் (இதுவும் கரும் பீர்) போன்றவையும், பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிருடன் இருக்கும் வலுவான பெல்ஜிய ஏல்களும், புளிப்பு பீர்களும் மாதங்களையும் ஆண்டுகளையும் தாங்கும். மெதுவாக நடக்கும் ஆக்சிஜனேற்றம் இவற்றில் உலர்ந்த பழங்களின் சுவையை வளர்க்கும். ஆறு வாரம் கப்பலில் வந்த ஐ.பி.ஏ. தன் மணத்தைத் தொலைத்திருக்கும். அதே கப்பலில் வந்த இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு அந்தக் காலம் பெரிய பொருட்டல்ல.

படி 2: தேதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பாட்டிலின் கழுத்திலோ கேனின் அடியிலோ அச்சிட்டிருக்கும் தேதி இரண்டு வகைப்படும். அடைத்த நாளைச் சொல்வது ஒன்று. எந்த நாளுக்குள் குடிப்பது நலம் என்று சொல்வது மற்றொன்று. முதல் வகையே உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். இரண்டாவது வகை மட்டும் இருந்தால், அந்த ஆலை எத்தனை மாதக் கெடு வைக்கிறது என்பது தெரிந்தால்தான் பீரின் வயதைக் கணக்கிட முடியும். கெடு ஆலைக்கு ஆலை மாறும் என்பதால், இன்னும் மூன்று மாதம் பாக்கி இருக்கிறது என்பது மட்டும் புதுமைக்குச் சான்றாகாது.

சில ஆலைகள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை மூன்று இலக்கங்களில் குறிப்பிடுகின்றன. 045 என்றால் ஆண்டின் 45-ஆவது நாள், அதாவது பிப்ரவரி 14. தேதி, மாதம் ஆகியவற்றின் வரிசை நாட்டுக்கு நாடு மாறுவதையும் மறக்க வேண்டாம். அமெரிக்க ஆலைகள் பெரும்பாலும் மாதத்தை முதலில் போடும் என்பதால், 03/07 என்பது அங்கே மார்ச் 7, வேறு பல நாடுகளில் ஜூலை 3. தேதியே இல்லாத ஐ.பி.ஏ.வை, அது பக்கத்துத் தெரு ஆலையுடையதாகவே இருந்தாலும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

படி 3: வெப்பத்தையும் வெளிச்சத்தையும் கணக்கில் சேருங்கள்

தேதி பாதிச் செய்திதான். மீதிப் பாதி, அந்த நாட்கள் எந்த வெப்பநிலையில் கழிந்தன என்பதில் இருக்கிறது. பீர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு தோராயக் கணக்கு வழங்குகிறது: சுமார் 32 டிகிரி செல்சியஸில் 3 நாட்கள், 22 டிகிரியில் 30 நாட்கள், 3 டிகிரியில் 300 நாட்கள் ஆகிய மூன்றும் பீரை ஏறத்தாழ ஒரே அளவுக்குப் பழையதாக்கும். இது துல்லியமான விதி இல்லை என்றாலும், வாங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கை நான் அறியேன்.

இதைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொலைவில் உள்ள ஓர் ஆலையிலிருந்து குளிர்பதனப் பெட்டகத்தில் 3 டிகிரியிலேயே வந்து சேர்ந்த பீருக்கு 40 நாள் வயது என்று கொள்வோம். அருகில் உள்ள ஆலையின் பீர் கடை அலமாரியில் 22 டிகிரியில் 15 நாட்கள் நின்றது என்றும் கொள்வோம். அருகிலிருந்து வந்த பீரின் 15 நாட்கள், குளிரில் கழிந்த 150 நாட்களுக்குச் சமம். எனவே கடல் கடந்து வந்த 40 நாள் பீரே இரண்டில் புதியது. இதே தொலைதூர பீர் குளிர்பதனம் இல்லாமல் வெயிலில் கிடந்த சரக்குப் பெட்டகத்தில் மூன்று நாள் வெந்திருந்தால், அந்த மூன்று நாட்களே 300 நாள் குளிர்ச் சேமிப்பைத் தின்றுவிட்டன என்று பொருள். ஆகவே கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எங்கிருந்து வந்தது என்பதைவிட, இது வந்த வழியெல்லாம் குளிர்ச்சியாக இருந்ததா என்பதே. அவருக்கு விடை தெரியாவிட்டால், குளிர்பெட்டிக்குள் இருக்கும் பீரையாவது வெளியில் அடுக்கியிருப்பதற்கு முன்னதாகக் கருதுங்கள். பழையதாகிவிட்ட லேகரில் நனைந்த அட்டைப்பெட்டியை நினைவூட்டும் சுவை தோன்றும். அதற்குக் காரணமான பொருட்களில் டிரான்ஸ்-2-நோனினால் நன்கு அறியப்பட்ட ஒன்று.

வெளிச்சம் இன்னும் விரைவான பகை. ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள், பீரில் இயல்பாக உள்ள ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) துணையோடு ஒளியில் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு சேர்மத்தை உண்டாக்குகின்றன. அதன் நாற்றம் மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். நேரடி வெயிலில் சில நிமிடங்களே இதற்குப் போதும். நிறமற்ற பாட்டிலும் பச்சைப் பாட்டிலும் மிகக் குறைந்த காப்பையே தருகின்றன. பழுப்புப் பாட்டில் பெருமளவு காக்கிறது. கேன் முழுவதுமாகக் காக்கிறது. தொலைவிலிருந்து வரும் மென்மையான லேகரை வாங்குவதாக இருந்தால் கேனைத் தேடுங்கள்.

படி 4: உண்மையில் எங்கே தயாரானது என்று பாருங்கள்

வெளிநாட்டுப் பெயர் தாங்கிய பீர் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது என்று நம்பிவிட வேண்டாம். பல பெரிய பெயர்கள் உரிமம் பெற்ற ஆலைகளிலோ சொந்தக் கிளை ஆலைகளிலோ, விற்பனையாகும் நாட்டிலேயே தயாராகின்றன. டப்ளினில் தோன்றிய கின்னஸ், 1960-களிலிருந்து நைஜீரியாவிலும் தயாராகிறது. அங்கே வடிக்கும் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டில் சோளமும் சேர்வதால், பெயர் ஒன்றாக இருந்தாலும் சுவை அப்படியே இருப்பதில்லை. மறுபுறம், உள்ளூர் அடையாளத்தோடு விற்கும் சில சிறிய நிறுவனங்கள் வேறு எங்கோ உள்ள பெரிய ஆலையில் ஒப்பந்த முறையில் தயாரித்து வாங்குவதும் உண்டு. லேபிளில் விற்பனை நிறுவனத்தின் முகவரியை விட்டுவிட்டு, தயாரித்த ஆலையின் முகவரியைத் தேடிப் படியுங்கள்.

மூலப்பொருட்கள் வேறு கதை. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஆலையும், ஜெர்மனியின் ஹாலர்டாவ், அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு, செக் நாட்டின் ஜாடெட்ஸ் போன்ற இடங்களிலிருந்தே ஹாப்ஸை வரவழைத்திருக்கலாம். இதில் குறை காண எதுவும் இல்லை, ஏனெனில் உலர்த்தி, குளிரில், காற்றுப் புகாமல் அடைத்த ஹாப்ஸ் பயணத்தை நன்றாகத் தாங்கும்.

படி 5: இடத்தோடு பிணைந்த பீர்களைத் தனியே வையுங்கள்

ஒரு காலத்தில் தண்ணீரே பீரின் ஊரை நிர்ணயித்தது. 1842-இல் செக் நாட்டின் பில்சென் நகரில் யோசஃப் க்ரோல் பொன்னிற லேகரை உருவாக்கியபோது, அந்த ஊரின் மிக மென்மையான தண்ணீர் அதற்குத் துணை நின்றது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரின் ஜிப்சம் நிறைந்த கடின நீர், ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கி அங்கு வடித்த பேல் ஏலுக்குப் புகழ் சேர்த்தது. இன்று எந்த ஆலையும் தண்ணீரை வடிகட்டிச் சுத்தமாக்கி, வேண்டிய உப்புகளை அளந்து சேர்த்துவிட முடியும். அதனால் தண்ணீரை மட்டும் காரணம் காட்டித் தொலைதூர பீரை உயர்த்திப் பேசுவதை இப்போது ஏற்க முடியாது.

லாம்பிக் என்ற பெல்ஜிய புளிப்பு பீர் அப்படிப்பட்டதல்ல. பெல்ஜியத்தில் பிரசல்ஸைச் சுற்றிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பார்லியும் கோதுமையும் சேர்ந்த கொதித்த சாற்றை அகலமான ஆழமற்ற தொட்டியில் குளிர்கால இரவு முழுதும் திறந்து வைக்கிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் மரப்பீப்பாயிலும் வாழும் காட்டு ஈஸ்ட்டும் நுண்ணுயிர்களும் அதை நொதிக்கச் செய்கின்றன. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மீண்டும் நொதிக்கவிட்டால் அது கோஸ் எனப்படும் புளிப்பு பீராகிறது. இதே முறையைப் பிற நாட்டு ஆலைகளும் மிகுந்த அக்கறையோடு முயல்கின்றன, அவற்றில் சில அருமையானவை. ஆனாலும் மூலத்தின் சுவையை அறிய விரும்புபவர் மூலத்தையே தேடிப் போகலாம். பாட்டிலில் பல ஆண்டுகள் நிற்கக்கூடியது என்பதால் அதன் பயணச் செலவு வீண்போவதில்லை. துறவியரின் மேற்பார்வையில், மடத்தின் எல்லைக்குள் அல்லது அதன் அருகில் வடித்து, அறுகோண முத்திரையோடு வரும் டிராப்பிஸ்ட் ஏல்களில் வலுவானவற்றுக்கும் இது பொருந்தும்.

கோல்ஷ் என்ற வெளிர் நிற பீர் இதற்கு நல்ல எதிர்ச்சான்று. ஜெர்மனியின் கொலோன் நகர ஆலைகள் 1986-இல் செய்துகொண்ட உடன்படிக்கையாலும், பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் தந்த புவிசார் பாதுகாப்பாலும், அந்தப் பெயர் கொலோனுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் உரியது. ஆனால் அது வலு குறைந்த, மிக மென்மையான பீர். கொலோனில் குடிக்கும்போது கிடைக்கும் புத்துணர்ச்சி, அரை ஆண்டு கழித்து வேறு கண்டத்தில் திறக்கும் பாட்டிலில் இருப்பதில்லை. அதே பாணியில் கவனமாக வடிக்கும் ஆலை ஒன்று உங்களுக்கு அருகில் இருந்தால், அதையே எடுங்கள்.

படி 6: அருகில் உள்ள ஆலையையும் சோதியுங்கள்

அருகாமை பீரைப் புதிதாகத் தரலாம். வடிப்பவரின் பிழையை அது திருத்தாது. புதிய ஆலை ஒன்றை அறிய, பழங்களும் மசாலாவும் சேர்த்த சிறப்பு வகைகளை விட்டுவிட்டு, அதன் எளிய லேகரையோ பேல் ஏலையோ முதலில் கேளுங்கள். லேகரில் வெண்ணெய் மணம் வந்தால், நொதித்தலில் உருவாகும் டயாசெட்டில் என்ற பொருள் மிஞ்சியிருக்கிறது. பச்சை ஆப்பிள் மணம் பெரும்பாலும் முதிர்வதற்குள் எடுத்துவிட்டதைக் காட்டும். வேகவைத்த மக்காச்சோள மணம் டைமீத்தைல் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது. குழாய் பீரில் மட்டும் தேவையற்ற புளிப்பு இருந்தால், குழாய்களைச் சரியாகக் கழுவவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆலையிலேயே குடுவையில் நிரப்பித் தரும் பீரைக் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாட்களுக்குள் திறந்து, திறந்த அன்றே முடித்துவிடுங்கள்.

சுற்றுச்சூழலை எண்ணி அருகில் வாங்குபவர்கள் பாட்டிலையும் எண்ண வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் கண்ணாடிப் பாட்டிலை உருக்கி வார்ப்பதற்கே பெரும் ஆற்றல் செலவாகிறது. அதன் எடை ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சுமையாகிறது. பீப்பாயிலிருந்து ஊற்றுவதும், கழுவித் திரும்ப நிரப்பும் பாட்டிலும் அருகில் உள்ள ஆலைக்கு மட்டுமே எளிதாகக் கைகூடுகின்ற உண்மையான அனுகூலங்கள்.

படி 7: பெயர் தெரியாமல் சுவைத்துப் பாருங்கள்

ஒரே வகையைச் சேர்ந்த அருகாமை பீர் ஒன்றையும் தொலைதூர பீர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் 7 முதல் 10 டிகிரிக்குள் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து, ஒரே மாதிரியான மூன்று கோப்பைகளில், இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றொன்றையும் வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். எந்தக் கோப்பை தனித்தது என்பதைக் கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. வெறும் ஊகத்திலேயே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஒரு முறை செய்து முடிவுக்கு வர வேண்டாம். வரிசையை மாற்றி மாற்றி ஆறு முறை செய்து, அவற்றில் ஐந்து முறையாவது சரியாகச் சொன்னால், அது ஊகத்தால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. கோப்பைக்கு 30 மில்லிலிட்டர் போதும். அப்படியும் ஆறு முறைக்கு அரை லிட்டருக்கு மேல் ஆகிவிடும் என்பதால், சோதனையை இரண்டு மாலைகளில் பிரித்துச் செய்யுங்கள். அந்த மாலைகளில் வண்டி ஓட்ட வேண்டாம்.

வேறுபாடு தெரிந்த பிறகே எது பிடித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்ததன் பெயரோடு அடைத்த தேதியையும் வாங்கிய இடத்தையும் குறித்து வையுங்கள். தொலைதூர பீர் தோற்றிருந்தால், அதே பீரை அடைத்த தேதி புதிதாக உள்ள கேனில் மறுமுறை சோதித்த பிறகே பட்டியலிலிருந்து நீக்குங்கள். வேறுபாடே தெரியாத இணைகளில் ஊரைப் பார்க்கத் தேவையில்லை. கடையில் நிற்கும் நாளன்று இரண்டில் எது புதியதோ, எது குளிரில் இருந்ததோ, அதை எடுத்துக்கொள்ளலாம்.