அரியர் குவிந்துவிட்டதா? அடித்தளப் பேப்பரிலிருந்து தொடங்குங்கள்

இன்ஜினியரிங் படிப்பில் நான்கைந்து அரியர் (தேறாமல் பாக்கி நிற்கும் பேப்பர்) சேர்ந்துவிட்டால், எது சுலபம் என்று பார்த்துத் தொடங்காமல், மற்ற பாடங்கள் எதன்மேல் நிற்கின்றனவோ அந்தப் பேப்பரை முதலில் எடுங்கள். சிலபஸ்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, திரும்பத் திரும்ப வரும் தலைப்புகளை வட்டமிட்டாலே அது எது என்று தெரிந்துவிடும்.

எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படிப்பவருக்குப் பெரும்பாலும் அது கணிதம்தான். வகைக்கெழுச் சமன்பாட்டைச் சாதாரண இயற்கணிதமாக மாற்றித் தரும் லாப்லாஸ் உருமாற்றம் சர்க்யூட், சிக்னல்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் மூன்றிலும் வரும். ஒருமுறை ஒழுங்காகப் படித்தால் மூன்று இடத்தில் பலன். மெக்கானிக்கலில் ஃப்ரீ பாடி டயகிராம் (ஒரு பொருளின்மேல் செயல்படும் விசைகளைக் காட்டும் படம்) வரையத் தெரியாமல் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் எத்தனை முறை எழுதினாலும் திணறல்தான். கம்ப்யூட்டர் சயின்ஸில் அந்த அடித்தளம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதாவது தரவை அடுக்கி வைக்கும் முறைகள். அதில் படிக்கும் ட்ரீ என்ற கிளை கிளையான அமைப்புதான் பிறகு, தரவைச் சீக்கிரம் தேட உதவும் டேட்டாபேஸ் இண்டெக்ஸாக வந்து நிற்கும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அதிகம் கேட்பதும் இந்த அடிப்படைகளைத்தான். அரியருக்குப் படித்தது அங்கேயும் கைகொடுக்கும் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் இது சரிப்படாது. அப்போது சுலபமானதை முடித்து எண்ணிக்கையைக் குறையுங்கள். வேலை கையில் கிடைத்து, பட்டம் வாங்குவது மட்டும் பாக்கி என்றாலும் அப்படித்தான். அப்புறம், பாடமே புரியாமல் அல்ல, வருகைப்பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போனவருக்கு இந்த வரிசை தேவையே இல்லை.