தில்லிக் குளிரில் கார் பேட்டரி: புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகிக் காரோடு தில்லிக்கு வருபவர்கள் பேட்டரியை முதன்முதலில் நினைப்பது பெரும்பாலும் ஜனவரியில்தான். பொங்கலுக்கு ஊர் போய்த் திரும்பிச் சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு சரி. பழி குளிர்மேல் விழுகிறது. ஆனால் பேட்டரியைக் கெடுத்தது மே, ஜூன் வெயில். 45 டிகிரியில் பானெட்டுக்குள் வேகும் பேட்டரியில் தண்ணீர் குறைகிறது, ஈயத் தகடுகள் அரிக்கப்படுகின்றன. ஜனவரி விடியற்காலையில் வேதிவினை மந்தமாகி, எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும்போது அந்தக் குறை வெளியே தெரிகிறது. மூன்று வருடம் தாண்டிய பேட்டரியைத் தீபாவளிக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

நிறுத்திவைத்த காரும் மின்சாரம் குடிக்கும். அலாரம், ரிமோட் பூட்டு, கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. அது நாளுக்கு 1.2 ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). சின்னப் பெட்ரோல் காரின் 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருபது நாளில் 24 போய்விடும். எப்போதும் ஓடும் டேஷ்கேம் இருந்தால் இன்னும் சீக்கிரம். மெட்ரோ நிலையம் வரை மட்டும் ஓட்டி நிறுத்துபவர்களுக்கும் இதே கதிதான்: ஸ்டார்ட் செய்யச் செலவானதை, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்ப நேரம் இருப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போகிறீர்களா? நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். பெரும்பாலான கார்களில் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். அதன்பின் ரிமோட் வேலை செய்யாது. மற்றக் கதவுகளை முன்பே பூட்டிவிட்டு ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டுங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. கார் சில மணி நேரம் நின்றபின் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அன்றைக்கே சார்ஜ் ஏற்றுங்கள். தள்ளிப்போட்டால் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அப்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கலாம்; புது பேட்டரி வாங்கிப் பயனில்லை.

சார்ஜ் ஏற்றும் ஆம்பியர், பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பாதுகாப்பு. 35க்கு 3.5 ஆம்பியர், காலியானது முழுதாக நிரம்ப 10 முதல் 12 மணி நேரம் ஆகும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 150 ஆம்பியர் அவர் பேட்டரிக்கான இன்வெர்ட்டர் 10, 15 ஆம்பியர்கூடத் தள்ளும். சின்ன பேட்டரி கொதித்துவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். ஆகவே குளிருக்கு அடைத்த அறையில், ரூம் ஹீட்டர் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். திறந்த பால்கனிதான் சரியான இடம். சார்ஜரின் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே சிவப்புக் கிளிப்பைப் பாசிட்டிவில், பிறகு கறுப்பை நெகட்டிவில் மாட்டி, கடைசியில் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது முதலில் சுவிட்ச். உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ அந்த பேட்டரிக்கு சார்ஜ் கூடாது.

மூடி திறக்கும் வகை பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீரும் ஏசியில் சொட்டும் தண்ணீரும் ஆகாது, ஆசிட்டும் சேர்க்கக் கூடாது. சார்ஜ் ஏறியபின் நிரப்புவதே முறை. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம்.

அவசரத்துக்கு ஜம்ப் ஸ்டார்ட், அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியோடு ஒயரால் இணைத்து ஸ்டார்ட் செய்வது என்றால் வரிசை முக்கியம். சிவப்பு ஒயர் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனை நல்லதின் பாசிட்டிவில். கறுப்பு நல்லதின் நெகட்டிவில், கடைசி முனை உங்கள் காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரியின் 24 வோல்ட் உங்கள் காரின் எலக்ட்ரானிக்ஸைப் பொசுக்கிவிடும். ஸ்டார்ட் ஆனபின் அரைமணி நேரம் ஓட்டினாலும் முழுதாக நிறையாது, சார்ஜரில் போடத்தான் வேண்டும்.

புதிது வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். சிக்னலில் தானே அணைந்து எழும் காருக்கு, அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிகளில் ஏற்கெனவே எது இருந்ததோ அதுவே வேண்டும். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்; உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருப்பதால் அதைக் குப்பையில் போடக் கூடாது.