பெற்றோலா டீசலா? டபள் கெப் எடுக்கப் போறவங்க விடுற பிழைகள்

2020 மார்ச்ல நிப்பாட்டின வாகன இறக்குமதிய 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்ததுக்குப் பிறகு கொழும்பில எங்க போனாலும் வாகனக் கதை தான், அதிலயும் ரெண்டு வரிசை சீட்டும் பின்னால சாமான் தட்டும் இருக்கிற டபள் கெப் ஒண்டு எடுப்பமா எண்டு கேக்குற ஆக்கள் கூடிட்டாங்க. கேக்குறது எண்டு சொன்னாலும் முக்கால்வாசிப் பேர் முடிவெடுத்திட்டுத் தான் கேக்குறாங்க. "கெப் எண்டா டீசல் தானே மச்சான்" எண்டு ஒரு பக்கம், "டீசல் இப்ப பெரிய தலையிடி, பேசாம பெற்றோல் எடு" எண்டு மற்றப் பக்கம். ரெண்டு பக்கமும் எஞ்சினைப் பற்றித் தான் கதைக்குது, அந்த வண்டி திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் எங்க ஓடப் போகுது, பின்னால என்ன ஏத்தப் போகுது எண்டு ஒருத்தரும் வாய் திறக்கிறதில்ல. அத வச்சுத் தான் பதிலே மாறும்.

எல்லாரும் விடுற முதல் பிழை, டீசல் மலிவு எண்ட பழைய நினைப்பு. 2021 டிசம்பர் கடைசியில 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபா, ஓட்டோ டீசல் 121. லீற்றருக்கு 56 ரூபா வித்தியாசம் எண்டா யாருக்குத் தான் ஆசை வராது, அந்தக் காலத்தில டீசல் எடுத்தவன் கெட்டிக்காரன் தான். ஆனா ஆறு மாசம் கழிச்சு 2022 ஜூன் கடைசியில பெற்றோல் 470, டீசல் 460. 56 ரூபா இருந்த இடத்தில 10 ரூபா. அதுக்குப் பிறகு விலை இறங்கினது உண்மை, மாசாமாசம் திருத்தம் வரும்போது இடைவெளி கொஞ்சம் விரியும், கொஞ்சம் சுருங்கும், ஆனா அரசாங்கம் டீசலைத் தாங்கிப் பிடிக்கும் எண்டு நம்பி பத்து வருஷத்துக்கு வச்சிருக்கப் போற வாகனத்தத் தெரிவு செய்றது புத்தி இல்ல.

அப்ப டீசல்ல லாபமே இல்லையா எண்டா, இருக்கு. விலையில இல்ல, எரியிற விதத்தில. ஒரு லீற்றர் டீசலுக்குள்ள பெற்றோலை விட 10 இல்லாட்டி 15 சதவீதம் சக்தி கூட, அதோட டீசல் எஞ்சின் காத்தை நல்லா இறுக்கி அமுக்கி எரிக்கிறதால அந்த சக்தியில கூடப் பங்கு சில்லுக்குப் போகும். சரி, இதக் காசாக்கிப் பாப்பம். கணக்குக்கு ரெண்டு எண்ணெயும் லீற்றர் 300 ரூபா எண்டு வைங்க, பெற்றோல் கெப் லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடுது, டீசல் 10 ஓடுது எண்டு வைங்க, டீசல் வண்டி 15 லட்சம் கூட எண்டும் வைங்க. மாசம் 1,000 கிலோமீற்றர் ஓடுற ஆளுக்கு மிச்சம் வாறது கிட்டத்தட்ட 12,900 ரூபா, வருஷத்துக்கு ஒண்டரை லட்சம் சொச்சம், அந்த 15 லட்சத்த எடுக்க பத்து வருஷம் கிட்டப் போகும். மாசம் 3,500 ஓடுறவருக்கு மாசம் 45,000 மிச்சம், மூண்டு வருஷத்துக்குள்ள காசு திரும்பிரும். இதில லீசிங் வட்டிய நான் சேக்கவே இல்ல, சேத்தா குறைய ஓடுறவர்ட பாடு இன்னும் மோசம். உங்கட சொந்த இலக்கங்களப் போட்டு ஒரு பேப்பர்ல இதச் செஞ்சு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. சேல்ஸ்ல நிக்கிற தம்பி இத உங்களுக்குச் செஞ்சு காட்ட மாட்டார்.

இதோட சேந்தது அமெரிக்க யூடியூப் வீடியோ பாத்துட்டு முடிவெடுக்கிறது. அங்க கன ட்ரக் பெற்றோல் வீ8, எஞ்சின் அளவே அஞ்சு லீற்றருக்கு மேல, டீசல் எண்டா பெரிய ட்ரெய்லர் இழுக்கிறதுக்கு எண்டு ஆறேழு லீற்றர். அங்க கன இடத்தில டீசல் பெற்றோலை விட விலை. நாங்க இங்க கதைக்கிறது 2.4, 2.8, 3.0 லீற்றர் நாலு சிலிண்டரப் பற்றி. அவங்கட முடிவத் தூக்கிட்டு வந்து காலி வீதியில ஓட்டேலாது.

இப்ப பெரிய விஷயத்துக்கு வாறன். கொழும்புக்குள்ள மட்டும் ஓடுறதுக்குப் புது டீசல் எடுக்கிறது. வெள்ளவத்தையில வீடு, புறக்கோட்டையில கடை, காலையில ட்ரபிக்ல முக்கால் மணித்தியாலம் ஊர்ந்து போறது, பின்னேரம் அதே போல திரும்பி வாறது, நடுவில பிள்ளைய ஸ்கூல்ல இறக்கிறது. இந்த ஓட்டம் இப்பத்தைய டீசலுக்கு ஆகவே ஆகாது. காரணம் சைலன்சர் லைன்ல இருக்கிற டீபீஎஃப் எண்ட சாமான். டீசல் எரிஞ்சு வாற கரியப் பிடிச்சு வைக்கிறது தான் அதின்ட வேலை, பிடிச்ச கரிய அப்பப்ப எரிச்சுத் துப்பரவாக்கவும் வேணும், அதுக்கு உள்ள 600 பாகை கிட்ட சூடு வேணும். டீசல் எஞ்சின் சும்மா நிண்டு இரையும்போது சூடே வராது, பம்பலப்பிட்டி சந்தியில சிக்னலுக்கு நிண்டா எப்பிடி 600 பாகை வரும். வண்டி எரிக்கத் தொடங்கும், நீங்க வீட்ட வந்து ஓஃப் பண்ணிருவீங்க, அடுத்த நாள் திரும்பத் தொடங்கும், திரும்ப ஓஃப். கடைசியா டாஷ்போட்ல மஞ்சள் லைட்.

அந்த லைட்டுக்கு முதல்லயே காட்டிக் குடுக்கிற இடம் ஒண்டு இருக்கு, ஒயில் டிப்ஸ்டிக். கரிய எரிக்கிறதுக்காகக் கன எஞ்சின்கள் சிலிண்டருக்குள்ள பிந்தி ஒரு சொட்டு டீசல் அடிக்கும், எரிப்பு அரைவாசியில நிண்டு நிண்டு போனா அந்த டீசல் சுவர் வழியா வழிஞ்சு ஒயிலோட கலக்கும். குச்சிய இழுத்துத் துடைச்சு திரும்ப விட்டுப் பாத்தா ஒயில் மட்டம் மேல் கோட்டையும் தாண்டி நிக்கும், மூக்குக்குக் கிட்ட பிடிச்சா டீசல் மணக்கும், விரலில தேச்சா தண்ணி போல இருக்கும். ஒயில் குறையாம கூடுதே, நல்ல எஞ்சின் எண்டு சந்தோசப்படுற ஆக்கள் இருக்கிறாங்க. அது பேரிங்க சாப்பிடப் போற ஒயில்.

டீசல் தான் வேணும், ஓட்டமும் கொழும்புக்குள்ள தான் எண்டா கிழமைக்கொருக்கா பேலியகொடையில ஏறி கட்டுநாயக்க ஹைவேயில போய் வாங்க, ஒரு பக்கம் 26 கிலோமீற்றர் கிட்ட வரும், ஒரே வேகத்தில போனா அது பெரும்பாலும் எரிச்சு முடிக்கும். எண்ணெயும் சுப்பர் டீசல் தான் அடிக்க வேணும், சாதாரண ஓட்டோ டீசல்ல சல்பர் கூட, சுப்பர் டீசல் யூரோ 4 தரம், அந்தத் தரத்தில சல்பர் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. சுப்பர் டீசல் விலைய வச்சு மேல சொன்ன கணக்கத் திரும்பப் போட்டுப் பாருங்க, கன பேர் இந்த இடத்தில தான் கவிழுறாங்க, கணக்குப் பாக்கிறது ஓட்டோ டீசல் விலைக்கு, அடிக்க வேண்டியது சுப்பர். ஒயிலும் சாம்பல் குறைஞ்ச வகை வேணும், ஏசீஈஏ சீ2, சீ3 எண்டு கேன்ல அடிச்சிருக்கும், சும்மா லொறி ஒயில ஊத்தினா அந்த சாம்பல் டீபீஎஃப்க்குள்ள போய்த் தங்கிரும், கரி மாதிரி எரிச்சும் போக்கேலாது. சில ஜப்பான், ஐரோப்பா மார்க்கட் வண்டிகளுக்கு புகையில வாற நச்சு வாயுவக் குறைக்கிற அட்புளூ எண்ட திரவமும் ஊத்த வேணும். எல்லா டீசல் கெப்புக்கும் டீபீஎஃப் இருக்கும் எண்டும் இல்ல, எந்த நாட்டு மார்க்கட்டுக்குச் செஞ்ச வண்டி எண்டத வாங்க முதல் கேளுங்க, வாங்கின பிறகு கராஜ்ல கேட்டு வேலையில்ல.

கராஜ் பாஸ் "டீபீஎஃப்பக் கழட்டி எறிஞ்சிருவம், வேலை முடிஞ்சிது" எண்டு சொல்லுவார். எனக்கு அது பிடிக்கிறதில்ல, முன்னால நிக்கிற த்ரீவீல்காரன்ட மூஞ்சையில போற கரி அது. அத விடுங்க, வருஷா வருஷம் லைசன்ஸ் எடுக்க முதல் புகைப் பரிசோதனை இருக்கு, டீசலுக்கு எக்ஸலேட்டர அமத்தி அமத்தி புகையின்ட அடர்த்தியத் தான் அளப்பாங்க, பெற்றோலுக்கு காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் தான். இன்ஜெக்டர் கொஞ்சம் தேஞ்ச டீசல் வண்டி அந்த இடத்தில முழிக்கும்.

இதுவரைக்கும் வாசிச்சிட்டு அப்ப பெற்றோல் தான் எண்டு ஓடாதீங்க, மறுபக்கப் பிழையும் அதே அளவு பெரிசு. டொயோட்டா ஹைலக்ஸயே எடுங்க, 2.7 பெற்றோல் எஞ்சின்ட இழுவை 245 நியூட்டன் மீற்றர், அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 தரம் சுத்தும்போது தான் வரும். 2.8 டீசல் ஓட்டோ கியர்ல 500, அது 1,600 சுத்திலயே கையில இருக்கும். டைல்ஸ் ஒரு டன் ஏத்திட்டு கடுகண்ணாவ ஏறும்போது இந்த ரெண்டு இலக்கமும் என்னெண்டு காலுக்கே விளங்கும். டீசல் மூண்டாம் கியர்ல பாட்டுக்கு ஏறும், பெற்றோல் ரெண்டாம் கியர்ல கத்திக் கத்தி ஏறும், கத்துற நேரம் எண்ணெய் குடிக்கிறதப் பாத்தா 7 எண்டு போட்ட கணக்கெல்லாம் காத்தில போயிரும். தம்புள்ளையில மரக்கறி ஏத்திட்டு பேலியகொடை மெனிங் மார்க்கட்டுக்கு வாறவர், நுவரெலியாப் பக்கம் தோட்டங்களுக்கு சாமான் குடுக்கிறவர், மாசத்துக்கு நாலு தரம் யாழ்ப்பாணம் போய் வாறவர், இவங்களுக்கு டீசல் தான், வேற கதை வேணாம். ஹைவேயிலயும் ஏ9லயும் ஓடுற வண்டிக்கு டீபீஎஃப் பிரச்சினையும் லேசில வராது.

கொழும்புக்குள்ள கடைகளுக்கு பிஸ்கட், தண்ணிப் போத்தல், துணி மூட்டை போடுறவருக்கு டபள் கெப்பே தேவையில்ல எண்டது என்ட அபிப்பிராயம். சின்னப் பெற்றோல் லொறி ஒண்டு போதும், கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள்ள திருப்பவும் ஏலும். ஆனா கெப்ல ஏறி இறங்கிற அந்தக் கெத்துக்கும் சேத்துத் தான் சனம் காசு குடுக்குது, அதுக்கு நான் ஒண்டும் சொல்லேலாது. விக்கும்போது டீசலுக்கு நல்ல விலை வரும் எண்டு சொல்றதும் சரி தான், பெற்றோல் கெப்புக்கு வாங்க ஆள் தேட வேணும். அந்த விலை இன்ஜெக்டரும் டேர்போவும் நல்லா இருந்தா மட்டும் தான் வரும்.

பாவிச்ச டீசல் எடுக்கிறவங்க கட்டாயம் செய்ய வேண்டிய ஒண்டு இருக்கு, எஞ்சின் ஆறி இருக்கும்போது பாக்கிறது. விக்கிறவருக்கு முதல் நாளே சொல்லுங்க, "அண்ணா, காலையில நான் வந்து ஸ்டார்ட் பண்றன், நீங்க போடாதீங்க" எண்டு. போனவுடன பொனட்ல கைய வைங்க, சூடா இருந்தா ஏதோ மறைக்கிறார். சாவியத் திருப்பினா உடன பிடிக்க வேணும், பிடிச்சவுடன வெள்ளைப் புகையும் ஓட்ட நடுக்கமும் நிண்டு நீடிச்சா இன்ஜெக்டர் பக்கம் சந்தேகம். ஓடும்போதே ஒயில் ஊத்துற மூடியக் கழட்டிப் பாருங்க, லேசாப் புகை வந்தாப் பரவாயில்ல, மூடிய மேல வச்சா அது துள்ளினா காச எடுத்துட்டு வீட்ட வாங்க. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயால எண்ணெய் போற கொமன் ரெயில் டீசல்ல இன்ஜெக்டருக்குள்ள போற அமுக்கம் 1,500 பார் எண்ட அளவையும் தாண்டும், சாதாரண பெற்றோல் இன்ஜெக்டருக்கு 3, 4 பார் தான், அதனால தான் பெற்றோல் இன்ஜெக்டர மாத்த பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள்ல சின்னக் காசு கேப்பாங்க, டீசல் இன்ஜெக்டர மாத்த வாகன விலையில ஒரு துண்டக் கேப்பாங்க. பழைய 3.0 ஹைலக்ஸ்கள்ல இன்ஜெக்டருக்கு அடியில இருக்கிற செம்பு வாஷர் கசிஞ்சு, அந்தக் கரி ஒயிலோட இறங்கி கீழ ஒயில் இழுக்கிற வலைய அடைக்கிற கதை எல்லாப் பாஸ்மாருக்கும் தெரியும். அந்த வேலை செஞ்சிருக்கா எண்டு பில்லோட கேளுங்க.

மண்ணெண்ணெய் கலந்து ஓடுற ஆக்களும் இன்னும் இருக்கிறாங்க. பழைய பம்ப் எஞ்சின்கள் பொறுத்துக்கொண்டிது, இப்பத்தைய பம்புக்கு டீசல்ல இருக்கிற வழுவழுப்புத் தான் ஒயில், மண்ணெண்ணெய்ல அது இல்ல, உள்ள இரும்பு இரும்போட தேஞ்சு அந்தத் தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும்.

டீசல் எண்டா வெள்ளத்தில இறக்கலாம் எண்ட நம்பிக்கையும் ஆபத்து. 2016 மே மாசம் களனி பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டி எல்லாம் மூழ்கினது ஞாபகம் இருக்கும். டீசலுக்கு ப்ளக் இல்ல எண்டதால தண்ணிக்குள்ள நிக்காது எண்டு சொல்லுவாங்க, தண்ணி காத்து இழுக்கிற வாய் மட்டத்துக்கு வந்திட்டா ரெண்டு எஞ்சினும் ஒண்டு தான், சொல்லப்போனா டீசலுக்குக் கூடச் சேதம், அந்த அமுக்கத்தில தண்ணி அமுங்காம கனெக்டிங் ரொட் வளையும். இப்பத்தைய டீசல் முழுக்க கொம்பியூட்டரும் வயரும் வேற.

கடைசியா ஷெட்ல எண்ணெய மாறி அடிக்கிறது. வீட்டில பெற்றோல் கார் ஒண்டு, புதுசா டீசல் கெப் ஒண்டு எண்டு வச்சிருக்கிறவங்க தான் கூட மாட்டுவாங்க. பெற்றோல் நொசில் மெல்லிசு, டீசல் டாங்கி வாய்க்குள்ள சுகமாப் போகும், டீசல் நொசில் தடிப்பு எண்டதால மறுபக்கம் லேசில நடக்காது. அடிச்சிட்டாங்க எண்டு தெரிஞ்சா சாவியத் திருப்பவே வேணாம், கன வண்டியில சாவி ஒண் ஆனவுடனயே டாங்கிக்குள்ள பம்ப் ஓடத் தொடங்கி பெற்றோல் லைனுக்குள்ள போயிரும். நியூட்ரல்ல தள்ளி ஓரமா விட்டு டாங்கிய இறக்கிக் கழுவுற செலவு ஒரு நாள் செலவு. ஸ்டார்ட் பண்ணி கராஜ் வரைக்கும் ஓட்டிட்டுப் போனா பம்ப், ரெயில், நாலு இன்ஜெக்டர், லைன், டாங்கி எல்லாம் சேத்து பில் வரும். எண்ணெய் மூடிக்கு மேல டீசல் எண்டு பெரிசா சிங்களத்திலயும் தமிழிலயும் ஸ்டிக்கர் ஒட்டுங்க, அடிக்கிறவர் நொசில எடுக்கும்போது வண்டிய விட்டு இறங்கி நிண்டு பாருங்க.