பில்லிங் விவரத்தை எக்ஸெல்லுக்குக் கொண்டுபோன கதை

ஆடிட்டர் மாத விற்பனையை ஜிஎஸ்டி விகிதவாரியாகக் கேட்டார். எங்கள் பில்லிங் மென்பொருள் தரும் எக்ஸெல் ரிப்போர்ட் பார்க்க லட்சணமாக இருக்கும்: மேலே கடைப் பெயர், நாளுக்கு நாள் கூட்டுத்தொகை, கடைசியில் மாத மொத்தம். அதில் பிவட் டேபிள் (விவரங்களை வகைவாரியாகக் கூட்டித் தரும் எக்ஸெல் வசதி) போட்டதும் விற்பனை சரியாக மூன்று மடங்கு காட்டியது! பில் தொகை, நாள் கூட்டுத்தொகை, மாத மொத்தம் மூன்றையும் அது விற்பனையாகவே கூட்டியிருந்தது. போதாக்குறைக்கு, தேதிக் கட்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. இணைத்த கட்டங்களில் முதலாவதில் மட்டும்தான் மதிப்பு இருக்கும், மற்றவை காலி.

அப்புறம் அதே மென்பொருளில் சி.எஸ்.வி.யாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக எடுத்தேன். அழகு இல்லை, ஆனால் ஒரு வரிக்கு ஒரு பில் உருப்படி. அதை டபுள் கிளிக் செய்து திறந்தால் வேறு தொல்லை: 00457 என்ற பொருள் குறியீடு 457 ஆகிவிடும், 13 இலக்க பார்கோடு 8.90123E+12 என்று நிற்கும், தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகிவிடும்.

வெற்று எக்ஸெல் ஃபைலைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி' வழியாக இறக்கினேன். தமிழ் எழுத்து சரியாக வர, ஃபைல் ஒரிஜினில் 65001 யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'வில் குறியீடு, பார்கோடு இரண்டையும் எண்ணாக எடுக்காமல் டெக்ஸ்ட் (எழுத்து) ஆக்கினேன். 15 இலக்கத்தைத் தாண்டும் எண் இருந்தால் இது கட்டாயம். மிச்ச இலக்கங்களை எக்ஸெல் பூஜ்யமாக்கிவிடும்.

இப்போது மாதாமாதம் புது சி.எஸ்.வி.யை அதே பெயரில் அதே இடத்தில் வைத்து 'ரெஃப்ரெஷ் ஆல்' கொடுக்கிறேன், புது விவரம் எக்ஸெல்லுக்கு வந்துவிடும். முதலாளிக்கு அச்செடுத்துத் தர மட்டும் பழைய ரிப்போர்ட்.