ஜவ்வாது மலையை ஒரே நாளில் சைக்கிளில் கடக்க

வார இறுதிகளில் ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் ஏறும் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கியே அலுத்துப்போன சைக்கிள்காரர்களுக்கு ஜவ்வாது மலை நல்ல மாற்று. வாணியம்பாடியில் தொடங்கி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் வழியாகப் போளூரில் முடியும் இந்த வழி 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவானது. இரு முனைகளிலும் ரயில் நிலையம் இருப்பதால், ஏறிய வழியிலேயே இறங்கித் திரும்ப வேண்டியதில்லை.

எந்தத் திசையில் போவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். வாணியம்பாடி கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டருக்கு மேல் இருக்கிறது. போளூரோ 200 மீட்டருக்கும் கீழே. ஆகவே மேற்கிலிருந்து கிளம்புபவருக்கு ஏற்றம் குறைவு, இறக்கம் அதிகம். அதோடு, மேற்குச் சரிவில் காலை வெயில் தாமதமாகத்தான் விழும் என்பதால், கடினமான ஏற்றத்தை நிழலிலேயே முடித்துவிடலாம். போளூரிலிருந்து எதிர்த்திசையில் ஏற விரும்புவோரைத் தடுக்க மாட்டேன். கால் வலுவுள்ளவர்களுக்கு அதுவும் ஒரு சவால்தான். ஆனால் முதன்முறையாக வருபவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது. விடியும் நேரத்தில் வாணியம்பாடியை விட்டுக் கிளம்பினால், ஆலங்காயத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு பாட்டில்களிலும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் மலைச்சாலை. இந்த ஏற்றத்தில் தொடக்கத்திலேயே வேகம் காட்டாமல், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகக்கூடிய அளவுக்குச் சிறிய கியரில் மிதித்துச் செல்வது நல்லது. ஏனெனில் மேலே போய்விட்டால் சமதளம் என்று எண்ணுவோர் ஏமாந்துபோவார்கள். காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் இடையே சாலை ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டே இருப்பதால், களைப்பு அங்கேதான் சேரும். பின்சக்கரத்தில் 32 பல் கொண்ட பெரிய சக்கரம் இருந்தால் முழங்கால் தப்பிக்கும்.

காவலூரில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டும், தென்வானத்தையும் பார்க்க வசதியான அட்சரேகையும் இந்தக் காட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயின. 1986இல் இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர் விட்டத் தொலைநோக்கி இங்குள்ளது. ராமானுஜனின் பெயரைத் தாங்கிய சிறுகோள் 1988இல் கண்டறியப்பட்டதும் இங்கிருந்துதான். நாள் முழுதும் மிதிக்க வேண்டியவர்களுக்கு உள்ளே செல்ல நேரம் போதாது. அதற்குத் தனியாக ஒருநாள் வருவதே நியாயம்.

ஜமுனாமரத்தூரை நண்பகலுக்குள் அடைந்துவிட வேண்டும். வழியெங்கும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் சாமை விளையும் நிலங்களும் புளிய மரங்களும் வரும். ஊர்களுக்குள் நாய்களும் ஆடுகளும் சாலையில் படுத்திருக்கும் என்பதால் அங்கே மெதுவாகத்தான் செல்ல வேண்டும். மதியச் சாப்பாடு ஜமுனாமரத்தூரில் கிடைக்கும். நேரமிருந்தால் பக்கத்திலுள்ள பீமன் அருவிக்குப் போய்வரலாம். கோடை விழா நடக்கும் நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள், சாலையின் அமைதி அன்றைக்கு இருக்காது.

பிற்பகல் இரண்டரைக்கு மேல் ஜமுனாமரத்தூரில் தங்கக் கூடாது. கிழக்குச் சரிவில் மாலை நிழல் சீக்கிரமே விழுந்துவிடும். மரங்களடர்ந்த வளைவுகளில் அந்த நேரத்தில் சாலைப் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. இறங்கத் தொடங்கும் முன் பிரேக் கட்டைகளின் தேய்மானத்தையும் டயரின் காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும், விரல்களும் மரத்துப்போகும். நேர்ச்சாலையில் விட்டு விட்டு அழுத்தி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் செல்வதே முறை. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். ஹாரன் கேட்டால் இடப்புறம் நின்றுவிடுங்கள், வளைந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

ஆலங்காயத்தை விட்டால் கியர் சைக்கிளுக்குரிய உதிரிப் பாகம் போளூர் வரை கிடைக்கும் என நம்ப வேண்டாம். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்ப், சங்கிலி கழற்றும் கருவி ஆகியவை கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காததால் வரைபடத்தை முன்னதாகவே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வருபவர்கள் ஜமுனாமரத்தூரைத் தாண்டும் நேரத்தை வீட்டாருக்குச் சொல்லிவிடுவதும் அவசியம்.

போளூர், காட்பாடி – விழுப்புரம் ரயில் பாதையில் உள்ளது. சிறு நிலையங்களில் ரயில் அதிக நேரம் நிற்காது. சைக்கிளை ஏற்றிச் செல்ல முடியுமா என்பதை முந்தைய நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். முடியாதென்றால் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ செல்லும் பேருந்தின் நடத்துநரிடம் பேசிப் பார்க்கலாம். அதற்காக முன்சக்கரத்தைக் கழற்றிக் கட்ட ஒரு கயிற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.