காமிக்ஸ் அசல் பக்கத்தைப் பிரேம் போட்டு வீட்டில் மாட்டுவது எப்படி?

அச்சான காமிக்ஸில் பார்க்க முடியாத பல விஷயங்கள் அசல் ஓவியப் பக்கத்தில் இருக்கும். பிரஷ் அடர்ந்தும் மெலிந்தும் போன தடம், மைக்குக் கீழே தெரியும் நீலப் பென்சில் கோடு, வெள்ளை பூசித் திருத்திய இடம், தனியே எழுதி ஒட்டிய வசன பலூன், ஓரத்தில் குறித்து வைத்த இதழ் எண். இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும்படி மாட்ட வேண்டும், எதுவும் கெடவும் கூடாது. அதற்கு ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: பத்து வருடம் கழித்துப் பிரேமைப் பிரித்தாலும், பக்கம் உள்ளே போன மாதிரியே வெளியே வர வேண்டும். லேமினேஷன், முதுகில் பசை தடவி போர்டில் ஒட்டுவது, சூடு வைத்து அழுத்துவது, பிரேமுக்குப் பொருந்த ஓரத்தை வெட்டுவது எல்லாம் இந்த விதியிலேயே அடிபட்டுப் போகின்றன.

இங்கே சொல்லும் அளவுகள் இன்றைய அமெரிக்க காமிக் பக்கத்துக்கானவை: 11 × 17 அங்குல பிரிஸ்டல் போர்டு (கனமான, வழவழப்பான ஓவியத் தாள்), அதாவது 279 × 432 மி.மீ. 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய அமெரிக்கப் பக்கங்கள் இதைவிடப் பெரியவை. ஜப்பானிய மாங்கா தாள் பெரும்பாலும் பி4 அளவு, 257 × 364 மி.மீ. ஐரோப்பியப் பக்கங்களில் சில இரண்டு பாதியாக வரையப்பட்டிருக்கும். ஆகவே உங்கள் பக்கத்தை நான்கு பக்கமும் அளந்துவிட்டுத் தொடங்குங்கள். கையால் வெட்டிய போர்டில் மேல் அகலமும் கீழ் அகலமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

1. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கையைக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். முன்னும் பின்னும் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் முத்திரை, பென்சில் குறிப்பு, ஓவியரின் பயிற்சிக் கிறுக்கல் இருக்கலாம். அவையும் பக்கத்தின் சொத்துதான்.

கரி கலந்த இந்தியா இங்க் வெளிச்சத்தைத் தாங்கும். மார்க்கர் தாங்காது. சாயம் கலந்த மார்க்கரில் நிரப்பிய கறுப்பு சில வருடங்களில் பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறும். காமிக் விழாக்களில் போட்டுத் தரும் வண்ண ஓவியங்கள் பெரும்பாலும் மார்க்கரில் வரைந்தவை. அச்சுக்கு எந்த இடத்தில் எந்த நிறம் என்று காட்டத் திரவச் சாயத்தில் தீட்டிய பழைய வண்ண வழிகாட்டித் தாள்களுக்கும் இதே கதிதான். இப்படிப்பட்ட பக்கமென்றால் அதே அளவில் நல்ல பிரிண்ட் எடுத்து அதை மாட்டுங்கள். அசலை பாலியஸ்டர் உறையில் போட்டு, இருட்டில், தட்டையாக வையுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் வெளுத்த சாயத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

அடுத்து ஒட்டுகள். ரப்பர் சிமெண்டில் ஒட்டிய பலூன்கள் பழகப் பழகக் கழன்று விழும், அந்தப் பசை தேன் நிறக் கறையை விட்டுப்போகும். புள்ளிப் படலமாக ஒட்டிய ஸ்கிரீன் டோன் சுருங்கி ஓரம் தூக்கும். ஏதாவது ஆடினால் உங்கள் வீட்டுப் பசையால் ஒட்டாதீர்கள். தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். கையில் விழுந்துவிட்ட பலூனை ஒரு சின்ன பாலியஸ்டர் உறையில் போட்டு, எந்தப் பேனலுடையது என்று எழுதி வையுங்கள்.

2. பிரேம் கடையில் எதை விட வேண்டும், எதை விடக் கூடாது

சட்டம் அடிப்பது, மவுண்டில் (படத்தைச் சுற்றிக் கரையாக நிற்கும் அட்டையில்) படம் தெரியும் ஜன்னல் வெட்டுவது, முன்னால் வைக்கும் அக்ரிலிக் அறுப்பது: இந்த மூன்றையும் கடையில் செய்யலாம். பக்கத்தை மட்டும் கொண்டுபோக வேண்டாம், அளவை எழுதிக் கொண்டுபோங்கள். கடையில் வேலை வேகமாக நடக்கும், செல்லோடேப்போ டபுள் டேப்போ பெவிகாலோ கைக்கு வந்ததில் ஒட்டிவிடுவார்கள். அது அவர்கள் தவறல்ல. அவர்களிடம் வரும் பெரும்பாலான படங்களுக்கு அது போதும்.

மவுண்ட் போர்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பருத்தி நாரில் செய்த போர்டு, அல்லது அமிலமற்றது என்று தெளிவாகக் குறிப்பிட்ட போர்டு வேண்டும். நான்கு அடுக்கு கனம், சுமார் 1.5 மி.மீ., இரண்டு தாள்: ஒன்று ஜன்னலுக்கு, ஒன்று பக்கத்துக்குப் பின்னால். மரக்கூழ் போர்டைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய பிரேம்களில் ஜன்னலின் சாய்வு வெட்டு பழுப்பேறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமிலம் அங்கேயே நிற்காமல் தாளுக்கும் இறங்கி, படத்தைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு போடும். முதுகுக்கு எம்டிஎஃப், ஹார்ட்போர்டு, பிளைவுட் எதுவும் வேண்டாம், அவையும் அமிலம் கக்கும். 3 அல்லது 4 மி.மீ. பாலிப்ரோப்பிலின் நெளிவுத் தகடு, விளம்பரப் பலகைக்குப் பயன்படுவது, எறும்பும் ஈரமும் உள்ளே வராமல் காக்கும்.

முன்னால் கண்ணாடியா அக்ரிலிக்கா? வீட்டுக்கு 3 மி.மீ. யுவி (புற ஊதாக் கதிர்) தடுப்பு அக்ரிலிக்கைத்தான் சொல்வோம். பிரேம் விழுந்தால் கண்ணாடி உடைந்து பக்கத்தைக் கிழிக்கும், அக்ரிலிக் கிழிக்காது. நிலைமின்சாரம் தூசியை இழுக்கும் என்பது அதன் குறை. பென்சில் பொடி, சுண்ணம், கரிக்கோல் உதிரும் படங்களுக்கு அதனால்தான் அக்ரிலிக் ஆகாது. மை ஓவியத்துக்குப் பிரச்சினை இல்லை. யுவி கண்ணாடி என்று சொல்லி சாதாரணக் கண்ணாடியைத் தந்துவிடுகிறார்களா என்று சந்தேகமாக இருந்தால், 365 நானோமீட்டர் யுவி டார்ச்சை அதன் வழியாக ஒரு ரூபாய் நோட்டின் எண் மேல் அடித்துப் பாருங்கள். எண் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது யுவி தடுப்பு அல்ல. ஒளிராவிட்டாலும் முழுத் தடுப்பு என்று சொல்லிவிட முடியாது, சாதாரண அக்ரிலிக்கும் ஓரளவு தடுக்கும். 99 சதவீதம் தடுக்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்ட ஷீட்டைக் கேளுங்கள்.

3. அளவுக் கணக்கு

ஜன்னல் பக்கத்தின் மேல் எவ்வளவு ஏறி நிற்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒவ்வொரு பக்கமும் 8 மி.மீ. ஏறட்டும். ஜன்னல் அளவு அப்போது 263 × 416 மி.மீ. இந்த 8 மி.மீ.க்குக் காரணம் உண்டு. பக்கத்தின் மூலையைப் பிடித்திருக்கும் முக்கோண மூலைப் பை (செய்முறை 4ஆம் பகுதியில்) தாளின் விளிம்போரம் 15 மி.மீ. நீளமென்றால், 8 மி.மீ. ஏற்றத்தில் அது சரியாக மறையும். 5 மி.மீ. மட்டும் விட்டால் 10 மி.மீ.க்கு மேற்பட்ட பை எதுவும் ஜன்னலின் மூலையில் எட்டிப் பார்க்கும். வழக்கமான 10 × 15 அங்குலப் படப்பரப்பு என்றால் படத்தின் ஒரு கோடுகூட மறையாது, மேலும் கீழும் ஓரக் குறிப்புகளும் தெரியும்.

போர்டின் வெளி அளவு 400 × 560 மி.மீ. பக்கவாட்டில் 68.5, மேலே 68, கீழே 76 மி.மீ. கரை நிற்கும். நாலு பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே சரிந்த மாதிரி தெரியும், அதனால்தான் கீழே கொஞ்சம் கூடுதல். போர்டு நிறம் இதமான வெள்ளையாக இருக்கட்டும். பளீர் வெள்ளை வைத்தால் பழைய தாள் அழுக்காகத் தெரியும்.

சட்டத்தின் உள் பள்ளம் 403 × 563 மி.மீ. இருக்க வேண்டும். அக்ரிலிக் வெப்பத்தில் விரியும், இறுக்கமாக வைத்தால் வளைந்து பக்கத்தின் மேல் படும். ஆழத்தையும் கூட்டிப் பாருங்கள்: அக்ரிலிக் 3, இரண்டு போர்டு 3, முதுகுத் தகடு 4, ஆக 10 மி.மீ. குறைந்தது 13 மி.மீ. பள்ளம் உள்ள சட்டம் கேளுங்கள். பலூன் ஒட்டியோ வெள்ளை மேடாகப் பூசியோ இருந்தால் ஜன்னல் போர்டு தரும் 1.5 மி.மீ. இடைவெளி போதாது. ஜன்னலுக்கு எட்டு அடுக்கு போர்டு வாங்கி, பள்ளத்தையும் 15 மி.மீ. ஆக்குங்கள். மையோ வெள்ளையோ அக்ரிலிக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரமான நாட்களில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படமும் சேர்ந்து உரியும்.

4. மூலைப் பைகள்

அமிலமற்ற தாளில் 10 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளம் உள்ள நான்கு பட்டைகள் வெட்டுங்கள். பட்டையின் மேல் விளிம்பின் நடுவைக் கூராக வைத்து, இரண்டு கைகளையும் பின்பக்கமாகக் கீழே மடியுங்கள். கைகள் அருகருகே ஒட்டி நிற்கும் அம்பு வடிவம் கிடைக்கும். முன் முக்கோணத்துக்கும் பின்னால் மடிந்த கைகளுக்கும் நடுவே பக்கத்தின் மூலை செருகும். பை தாளின் விளிம்போரம் சுமார் 14 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் தெளிவான பாலியஸ்டர் பைகளும் நல்லவைதான், 15 மி.மீ.க்குள் தேடுங்கள்.

இரண்டு போர்டுகளையும் இடது நீள்விளிம்பில் லினன் டேப் போட்டு, புத்தகம் போலத் திறக்கும்படி இணையுங்கள். பக்கத்தைப் பின் போர்டில் வைத்து, ஜன்னலை மூடி, உள்ளே சரியாக நிற்கும்வரை நகர்த்துங்கள். ஜன்னல் வழியாகவே ஒரு சுத்தமான தாளை வைத்து அதன் மேல் சின்ன எடை வையுங்கள், பக்கம் இனி நகராது. ஜன்னலைத் திறந்து மூலைகளில் பைகளைச் செருகி, கைகளின் மேல் லினன் டேப்பைக் குறுக்கே ஓட்டிப் போர்டோடு பிடித்துவிடுங்கள். டேப்பின் பசை போர்டில் மட்டுமே பட வேண்டும், பக்கத்தில் எங்கும் படக் கூடாது.

பையை இறுக்கமாக மாட்டாதீர்கள். ஒவ்வொரு மூலையிலும் 1 மி.மீ. தளர்வு வேண்டும். மழைக்காலத்தில் தாள் விரியும், விரிய இடமில்லாவிட்டால் நடுவில் அலையலையாகத் தூக்கும். பிரேம் போட்ட பக்கம் நெளிந்துபோய்விட்டது என்று கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் காரணம்.

5. ஓரம் முழுக்கத் தெரிய வேண்டுமென்றால்

படம் தாளின் விளிம்பு வரை ஓடினால் ஜன்னல் அதை மறைக்கும். அப்போது ஜன்னலைப் பக்கத்தைவிடப் பெரிதாக வெட்டி, பக்கத்தைப் பின் போர்டிலிருந்து தொங்கவிட வேண்டும். ஜப்பானிய கோசோ தாளில் 15 × 25 மி.மீ. துண்டுகள் இரண்டு தேவை. கத்தரியால் வெட்டாமல், நனைத்த பிரஷ்ஷால் கோடு போட்டுக் கிழியுங்கள், ஓரம் நார் நாராக இருந்தால்தான் தாளில் தடம் விழாது. ஒவ்வொன்றையும் மேல் விளிம்பின் பின்னால் 4 மி.மீ. மட்டும் ஒட்டி, மீதியைப் பக்கத்துக்குப் பின்னால் மறையும்படி மடித்துப் போர்டில் ஒட்டி, அதன் மேல் குறுக்காக இன்னொரு துண்டு. ஹிஞ்ச் எனப்படும் இந்தத் துண்டு எப்போதும் பக்கத்தைவிட மெலிதாக இருக்க வேண்டும். பிரேம் விழுந்தால் ஹிஞ்ச்தான் கிழிய வேண்டும்.

பசை, கோதுமை ஸ்டார்ச். மைதா அல்ல. மைதாவில் உள்ள புரதம் பழுப்பேறும், பூச்சியையும் கூப்பிடும். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு சுத்தமான தண்ணீர், சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் கைவிடாமல் கிளறி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து, தயிர்ப் பதத்துக்குத் தளர்த்துங்கள். சில நாட்களில் புளித்துவிடும், புதிதாகக் காய்ச்சுங்கள். மெல்லிசாகத் தடவி, மை உறிஞ்சும் தாள் வைத்து எடை ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். முதல்முறையாகச் செய்பவர்கள் அசலில் கை வைக்கும் முன் வெறும் பிரிஸ்டல் தாளில் பழகிக்கொள்ள வேண்டும்.

6. அடுக்கி மூடுவது

மழை பெய்யாத நாளாகப் பாருங்கள். போர்டுகள், தகடு, பக்கம் எல்லாவற்றையும் ஏசி அறையில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு அங்கேயே அடுக்குங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சைக்கு நீங்களே இடம் தந்த மாதிரி ஆகும்.

அக்ரிலிக்கின் பாதுகாப்புப் படலத்தை உரித்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ரப்பர் ஊதியால் தூசி போக்குங்கள். அக்ரிலிக், ஜன்னல், பக்கம், பின் போர்டு, முதுகுத் தகடு என்று அடுக்கி, ஒரு முறை நிமிர்த்திப் பாருங்கள். தூசியோ முடியோ அப்போதுதான் கண்ணில் படும். பிறகு ஓரம் சுற்றிலும் அலுமினிய டேப் ஒட்டுங்கள். முன்பக்கம் 3 மி.மீ.க்கு மேல் ஏறினால் சட்டத்துக்கு வெளியே தெரியும். மரச் சட்டமென்றால் பள்ளத்திலும் அதே டேப்பை ஒட்டுங்கள், மரத்தின் அமிலம் உள்ளே வராது. அடுக்கைச் சட்டத்தில் இறக்கி, ஆணி அடிக்காமல் வளையும் உலோக முனைகளால் பிடித்துவிடுங்கள். அதிர்ச்சியில் பழைய வெள்ளைப் பூச்சு உதிரக்கூடும்.

7. மாட்டும் இடம்

யுவி தடுப்பு இருக்கிறதே என்று வெயில் படும் சுவரில் மாட்டிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளுக்க வைக்கும். அருங்காட்சியகங்கள் வெளுக்கக்கூடிய தாள் ஓவியங்களை 50 லக்ஸ் அளவு மங்கலில் வைப்பது அதற்குத்தான். வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிருங்கள், எல்இடி விளக்கு பயன்படுத்துங்கள், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுங்கள். ஒரே அளவில் பிரேம் செய்து வைத்தால் மாற்றுவது அரை மணி நேர வேலை.

சமையலறைச் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், ஐப்பசி கார்த்திகையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் மூன்றும் ஆகாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும், சென்னை போன்ற கடலோர ஊர்களில் அது சாதாரணம். உள்சுவரைத் தேர்ந்தெடுத்து, சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் 5 மி.மீ. ரப்பர் பொத்தான் ஒட்டுங்கள். காற்று புழங்கும், இராமபாணப் பூச்சி பின்னால் குடியேறாது.

மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் இரண்டு டி-வளையம், சுவரில் 6 மி.மீ. துளை, பிளக், 40 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு. ஒற்றை ஆணியில் தொங்கும் பிரேம் கதவு சாத்தும் ஒவ்வொரு முறையும் கோணும். படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்க்கச் சரியாக இருக்கும். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், பிரேமின் மேல் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். அமோனியா கலந்த திரவம் அக்ரிலிக்கை மங்கலாக்கும்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பக்கம் நெளிந்தால் மூலைப் பையைத் தளர்த்த வேண்டும். அக்ரிலிக்கின் உள்ளே பனி படர்ந்தாலோ பழுப்புப் புள்ளி தென்பட்டாலோ அன்றே பிரித்து, உலர்ந்த அறையில் தட்டையாக வையுங்கள். இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் பக்கமே போக வேண்டாம். முதுகுத் தகட்டில் ஓவியர் பெயர், இதழ், பக்க எண், பிரேம் போட்ட தேதி, பயன்படுத்திய போர்டும் டேப்பும் எவை என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அடுத்து பிரிக்கப்போகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.